இரண்டு சமோவாக்கள், ஒரே காய்ச்சல்: 1918இல் ஒரு கரை மட்டும் தப்பியது எப்படி?

கேள்வி: நெய்தல்வாசி

அனைவருக்கும் வணக்கம். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோயைப் பற்றிச் சில காலமாகப் படித்துவருகிறேன். அதில் பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவாத் தீவுகளின் கணக்குதான் இன்னும் பிடிபடவில்லை. மேற்குச் சமோவாவில் அப்போது ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் சுமார் 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேலானோர், சில வாரங்களுக்குள் மாண்டுபோனார்கள். நூறு கிலோமீட்டருக்கும் குறைவான கடலுக்கு அப்பால் இருந்த அமெரிக்கச் சமோவாவில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

இரு பக்கத்திலும் பேச்சு ஒன்று, குலங்கள் ஒன்று, கொள்வினை கொடுப்பினையும் உண்டு. 1899இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் பங்கு பிரித்துக்கொண்டதால் நடுவே ஒரு கோடு விழுந்தது. முதல் உலகப் போர் மூண்ட 1914 ஆகஸ்டிலேயே நியூசிலாந்துப் படை ஜெர்மனியின் பங்கைக் கைப்பற்றிக்கொண்டது.

நான் பார்த்த நூல்களில் பெரும்பாலானவை இதை இரண்டு ஆட்சியாளர்களின் கதையாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. ஒருவர் துறைமுகத்தை அடைத்தார், இன்னொருவர் அடைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. நினைத்தபோதெல்லாம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் படகேறிப் போய்வந்துகொண்டிருந்த மக்கள், எங்கிருந்தோ வந்த ஒரு கடற்படை அதிகாரி கையெழுத்திட்ட காகிதத்துக்குக் கட்டுப்பட்டார்களா? நோய் புகுந்துவிட்ட பக்கத்தில் ஊரார் என்ன செய்தார்கள், என்ன செய்ய முடியாமல் போனது? அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதுங்கள்.

மறுமொழி 1: பழஞ்சுவடி

முதலில் மேற்குப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். டலூன் என்னும் நீராவிக் கப்பல் 1918 அக்டோபர் 30 அன்று ஆக்லாந்திலிருந்து புறப்பட்டது. அந்த நகரில் அப்போதே காய்ச்சல் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. வழியில் பீஜியின் சுவா துறைமுகத்தில் கப்பலைத் தனிமைப்படுத்தினார்கள். ஆனாலும் சரக்கை ஏற்றி இறக்க உள்ளூர்த் தொழிலாளர்களை அதே கப்பலில் ஏற்றி அனுப்பவும் செய்தார்கள். நவம்பர் 7 அன்று மேற்குச் சமோவாவின் துறைமுக நகரான ஆப்பியாவில் நங்கூரமிட்டபோது, சுவாவில் இப்படி ஒதுக்கிவைக்கப்பட்ட செய்தி அங்கிருந்த மருத்துவ அதிகாரிக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இறங்க அனுமதி கொடுத்துவிட்டார். காய்ச்சலில் துவண்டிருந்த பயணிகளும் கரையேறி அவரவர் உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வீடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது விளங்கும். ஃபலே என்று அவர்கள் சொல்லும் வீட்டுக்குச் சுவர் கிடையாது. வட்டமாக நட்ட தூண்கள், மேலே ஓலைக் கூரை, சாரல் அடித்தால் இறக்கிவிடத் தென்னோலைத் தட்டிகள், தரையில் பாய்கள். ஒரு பெரிய குடும்பம் முழுவதும் அதற்குள் படுத்துறங்கும். ஒருவர் நோயில் விழுந்தால் ஊரார் வந்து பக்கத்தில் அமர்வதும், இறந்தால் சுற்றுவட்டார உறவுகளெல்லாம் திரண்டு வருவதும் தட்டக்கூடாத கடமைகள். ஒரு சமூகத்தைத் தாங்கி நிறுத்தும் அந்தப் பழக்கங்களே அந்த நவம்பரில் நோயைச் சுமந்து சென்றன. இரண்டு வாரம் ஆவதற்குள் உபோலு, சவாயி ஆகிய இரு பெரிய தீவுகளிலும் படுக்காத குடும்பத்தைத் தேட வேண்டியதாயிற்று.

1918இன் காய்ச்சல் முதியவர்களைவிட நடுவயதினரையும் இளைஞர்களையும் கடுமையாகத் தாக்கியது என்பது உலகம் முழுவதும் பதிவான செய்தி. சமோவாவில் வயதுவந்த ஆண்களில் 30 விழுக்காட்டினரும், பெண்களில் 22 விழுக்காட்டினரும், குழந்தைகளில் 10 விழுக்காட்டினரும் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. அங்கே சமையல் இளைஞர்களின் பொறுப்பு. சேப்பங்கிழங்கைத் தோட்டத்திலிருந்து அகழ்ந்து காவடியில் கட்டித் தூக்கிவருவதும், ஈரப்பலாவை மரமேறிப் பறிப்பதும், கற்களைப் பழுக்கக் காய்ச்சி இலைகளால் மூடி அவிக்கும் அடுப்பை மூட்டுவதும் அவர்களுடைய வேலைகள். அவர்கள் படுத்த பாயிலேயே கிடந்ததால், தோட்டத்தில் கிழங்கு இருந்தும் வீட்டில் உலை ஏறவில்லை. காய்ச்சலில் தப்பிப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் கஞ்சி ஊற்ற ஆளில்லாமல் இறந்தார்கள். பிணங்களைப் பாயில் சுற்றி வண்டிகளில் அள்ளிக்கொண்டுபோய் ஆப்பியாவை அடுத்த வைமோசோவில் ஒரே குழியில் புதைத்தார்கள். முறைப்படி நடக்க வேண்டிய ஈமச்சடங்குகளுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

நியூசிலாந்தின் நிர்வாகியாக இருந்த கர்னல் ராபர்ட் லோகன் இந்த நாள்களில் நடந்துகொண்ட விதத்தைச் சமோவா இன்றும் மறக்கவில்லை. பெண்கள் பள்ளி ஒன்றில் நோயாளிகளுக்கு உணவு கேட்டபோது, வாசலில் குதிரை ஒன்று செத்துக் கிடக்கிறது, அதைத் தின்னட்டும் என்ற பொருளில் அவர் சீறியதாகப் பதிவு உண்டு.

இனி கிழக்குப் பக்கம். அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் ஜான் மார்ட்டின் பொயர் ஒரு கடற்படை அதிகாரி. நோய் உலகைச் சுற்றிவருவதைக் கம்பியில்லாத் தந்திச் செய்திகளில் கவனித்துவந்த அவர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் பாகோ பாகோ துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைத் தனிமைப்படுத்தத் தொடங்கினார். உங்கள் கேள்விக்கு விடை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கப்பல் நிற்கத் துறைமுகம் வேண்டும், துடுப்புப் படகு ஒதுங்கப் பவளப்பாறை நடுவே ஓர் இடைவெளி போதும். அமெரிக்கச் சமோவாவின் முதன்மைத் தீவான டுட்டுயிலாவின் கரை நெடுக அத்தகைய இடைவெளிகள் உண்டு. ஆகவே பொயர் ஊர்த்தலைவர்களை நாடினார். மத்தாய் எனப்படும் குடும்பத் தலைவர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவே அங்கு ஒவ்வோர் ஊரின் சட்டம். அவர்கள் தத்தம் ஊர்க் கரையில் காவல் போட்டார்கள். மேற்கிலிருந்து வரும் படகுகளைக் கரையேற விடாமல் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போன படகில் இருந்தவர்கள் அன்னியர்கள் அல்லர், அவர்களுடைய மாமன் மச்சான் உறவுகள். அதை ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் செய்திருந்தால் எத்தனை நாள் நின்றிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 2: தராசு

பழஞ்சுவடி ஐயா எழுதியதில் தகவல் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊர்க்காவலுக்கு அவர் கொடுக்கும் எடை சற்று அதிகம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கச் சமோவாவின் மக்கள்தொகை அப்போது 8,000 அளவில்தான் இருந்தது. பெரிய கப்பல்கள் நிற்கக்கூடிய துறைமுகம் ஒன்றே ஒன்று, அதுவும் கடற்படையின் கையில். ஆளுநரும் தளபதியும் ஒருவரே என்பதால் வணிகர்களோ கப்பல் நிறுவனங்களோ எதிர்த்துப் பேச வழியில்லை. மேற்குப் பக்கம் அப்படியல்ல. அங்கே கொப்பரைத் தோட்டங்களும் வணிகக் கம்பெனிகளும் இருந்தன, ஆப்பியா வழக்கமான சரக்குப் பாதையில் அமைந்த துறைமுகம். இந்த வேறுபாடுகளைத் தள்ளிவிட்டு இரண்டு கரைகளையும் ஒப்பிடுவது முறையாகாது.

லோகனைப் பற்றியும் ஒரு சொல். உணவு கேட்டவர்களிடம் அவர் நடந்துகொண்டதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நோய் நுழைந்ததற்கு அவரை மட்டும் பொறுப்பாக்கினால் வெல்லிங்டன், அதாவது நியூசிலாந்து அரசு, எளிதில் நழுவிவிடுகிறது. ஆக்லாந்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து கிளம்பும் கப்பலைப் பற்றித் தங்கள் ஆட்சியில் இருந்த தீவுக்கே நியூசிலாந்து அதிகாரிகள் எச்சரிக்கை அனுப்பவில்லை. கப்பல் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற தோற்றத்தோடு டலூன் வந்து நின்றது.

மேலும், கடலை அடைப்பது தள்ளிப்போடத்தான் உதவும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சான்று. 1918 அக்டோபரிலிருந்து அவர்கள் கப்பல்களைக் கடுமையாகத் தனிமைப்படுத்தினார்கள். ஆயினும் 1919இன் தொடக்கத்தில் நோய் உள்ளே பரவிச் சுமார் 15,000 பேரைக் கொண்டுபோயிற்று. டுட்டுயிலா சின்னஞ்சிறியதாகவும் ஒதுங்கியும் இருந்ததால் தப்பியது. ஊர்த்தலைவர்களின் காவல் அதற்குத் துணை செய்தது என்ற அளவில் ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல்வாசி:

தராசு ஐயாவின் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் சிறிய தீவு, ஒதுங்கிய தீவு என்பது மட்டும் காரணமென்றால் டோங்காவும் தப்பியிருக்க வேண்டும் அல்லவா? அதுவும் அதே மாதங்களில் அடிவாங்கியது என்று படித்திருக்கிறேன். பழஞ்சுவடி ஐயா இதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும்.

மறுமொழி 3: பழஞ்சுவடி

ஆம், டோங்காவுக்கு நோயைக் கொண்டுசேர்த்ததும் இதே டலூன்தான். டோங்காவில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காடு போயிற்று. சற்றுத் தள்ளியிருக்கும் தஹித்திக்கு நவம்பர் நடுவில் வேறொரு கப்பலின் வழியாக நோய் வந்தது, அங்கும் பேரழிவு. எனவே கடல் சூழ்ந்திருப்பது தானாகவே யாரையும் காப்பாற்றிவிடவில்லை.

ஆஸ்திரேலியா பற்றித் தராசு சொன்ன எண்ணிக்கை சரியே. ஆனால் அதே எண்ணிக்கையை அங்கிருந்த 50 லட்சம் மக்களோடு வைத்துப் பாருங்கள். பத்து லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள் வாழ்ந்த நியூசிலாந்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டதே பல்லாயிரம் உயிர்களை மீட்டிருக்கிறது. ஆகவே தள்ளிப்போடுவதைச் சிறிய லாபம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஊர்க்காவலின் எடை பற்றி: பாகோ பாகோ துறைமுகத்தைக் கடற்படையே பார்த்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை. நோய் வரக்கூடிய இன்னொரு வழி ஆப்பியாவிலிருந்து வரும் உறவுப் படகு. அந்த வழியைக் காத்தவர்கள் ஊரார்தான். அந்தத் தனிமைப்படுத்தல் 1920 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. இவ்வளவு நீண்ட காலம் மக்கள் மனமொப்பாமல் ஒரு கட்டுப்பாடு நின்றிருக்காது.

தராசு தொடாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நோய் தொடங்கிய பிறகு ஆப்பியாவிலிருந்து அஞ்சல் கொண்டுவந்த படகைப் பொயர் தனிமைப்படுத்தினார். இதில் மனம் புண்பட்ட லோகன், பாகோ பாகோவுடனான கம்பியில்லாத் தந்தித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். மருத்துவ உதவி அனுப்ப ஆயத்தமாக இருப்பதாக அமெரிக்கத் தரப்பு தெரிவித்ததை அவர் ஏற்கவும் இல்லை. வெல்லிங்டனின் குற்றம் நோயை உள்ளே விட்டது. இது அதன்பின் நடந்தது, இதை வெல்லிங்டனின் தலையில் கட்ட முடியாது. கடைசியில் ஆஸ்திரேலியக் கடற்படையின் என்கவுன்ட்டர் என்ற கப்பல் மருத்துவர்களையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு டிசம்பர் 3 அன்றுதான் ஆப்பியாவை வந்தடைந்தது. அதற்குள் சாக வேண்டியவர்களில் பெரும்பாலோர் செத்துவிட்டார்கள்.

உபோலுவிலும் அதே மத்தாய் அமைப்பும் அதே ஊர்க்கூட்டமும் இருந்தன. டலூனில் என்ன வருகிறது என்று ஒரு நாள் முன்பு யாராவது சொல்லியிருந்தால், டுட்டுயிலாவின் ஊர்கள் செய்ததை உபோலுவின் ஊர்களும் செய்திருக்கும் என்பது என் கருத்து. அவர்களிடம் கட்டுப்பாட்டுக்குக் குறைவில்லை, செய்திதான் வரவில்லை.

மறுமொழி 4: தாராவிக்காரன்

இடையில் புகுந்து பம்பாயைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ஊரார் தாமே காவல் நிற்பதற்கும் அரசு ஆள் வைத்து அடக்குவதற்கும் உள்ள தூரத்தை நம் நாட்டு அனுபவம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது.

1896இல் பம்பாயில் பிளேக் நுழைந்தபோது ஆங்கில அரசு வீடு புகுந்து சோதனை செய்தது, நோயாளிகளை வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றது, உடைமைகளை எரித்தது. புனேயில் இதற்குச் சிப்பாய்களையே அனுப்பினார்கள். பூசையறை, அடுக்களை எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அந்த நடவடிக்கைகளுக்குத் தலைமை வகித்த ரேண்ட் என்ற அதிகாரியை 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

1918இல் காய்ச்சல் வந்தபோது சட்டம் கையில் இருந்தும் அரசு பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. பழைய சூடு நினைவில் இருந்தது ஒரு காரணம், போருக்கு அனுப்பியதுபோக எஞ்சிய மருத்துவர்கள் மிகச் சிலர் என்பது இன்னொன்று. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. அந்த இடைவெளியில் சாதிச் சங்கங்களும் சமூக சேவை அமைப்புகளும் இறங்கித் தற்காலிக மருத்துவமனைகளை நடத்தின, வீடு வீடாக மருந்தும் பாலும் போர்வையும் கொடுத்தன. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாதியின் பெயரால் திரண்ட உதவி அந்தந்தச் சாதியையே முதலில் சென்றடைந்தது. பம்பாயில் ஐரோப்பியரிடையே இறப்பு ஆயிரத்துக்கு 8.3, பார்சிகளிடையே 9, ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களிடையே 61.6. சமோவாவின் ஊரைப் பற்றி இங்கே பெருமையாகப் பேசும்போது, நம் ஊர் என்ற சொல்லுக்குள் சேரி சேர்ந்திருந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 5: ஆழிமகள்

தாராவிக்காரன் அண்ணன் எழுப்பியது தனி இழையாகப் பேசத்தக்கது. நான் சமோவாவுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் நோய் அடங்கிய பின் மக்கள் என்ன செய்தார்கள் என்பதை இதுவரை யாரும் தொடவில்லை.

மூத்தோர் இறந்தது அங்கே உயிரிழப்போடு நிற்கவில்லை. குடும்ப நிலத்தின் எல்லை, பட்டங்களின் வரிசை, யார் எந்தக் கிளை என்னும் வமிசாவளி, கூட்டத்தில் பேசும் முறை எல்லாமே மூத்தோரின் நினைவில் இருந்தவை. மேற்குச் சமோவாவின் ஆலோசனை அவையில் இருந்த தலைவர்களில் பெரும்பாலோர் அந்தச் சில வாரங்களில் மறைந்தார்கள், போதகர்களும் ஏராளமாக இறந்தார்கள். அந்தப் பட்டங்களை ஏற்றவர்கள், வழக்கமாக இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டிய இளையவர்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளை உறவினர்கள் எடுத்து வளர்த்தார்கள். பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்ப்பது அங்கே முன்பிருந்தே இயல்பான வழக்கம் என்பதால் இதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

அரசியலில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1919 ஜனவரியில், நியூசிலாந்தின் ஆட்சி வேண்டாம், அமெரிக்காவின் கீழோ நேரடியாகப் பிரிட்டனின் கீழோ எங்களை வையுங்கள் என்று தலைவர்கள் மனு எழுதினார்கள். அந்த மனு பின்னர் கைவிடப்பட்டாலும் கசப்பு போகவில்லை. அதே ஆண்டில் அமைந்த விசாரணைக் குழு, நோயைத் தடுக்கவும் பரவிய பின் கட்டுப்படுத்தவும் நிர்வாகம் தவறியதைப் பதிவு செய்தது. தாயையும், ஒரு சகோதரியையும், ஒரே சகோதரனையும், அவர் மனைவியையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஓலாஃப் நெல்சன் என்ற வணிகர், 1920களில் எழுந்த மாவ் என்னும் விடுதலை இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 1929 டிசம்பர் 28 அன்று ஆப்பியாவில் அமைதியாக ஊர்வலம் வந்தவர்கள் மீது நியூசிலாந்துக் காவலர்கள் சுட்டதில், இயக்கத்தின் தலைவர் மூன்றாம் டுப்புவா டமாசெசெ லேயாலோஃபி உயிரிழந்தார். விடுதலை 1962இல் கிடைத்தது. நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002 ஜூனில் ஆப்பியாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டபோது, டலூனை நோயோடு இறங்கவிட்டதையும் 1929இன் துப்பாக்கிச்சூட்டையும் சேர்த்தே குறிப்பிட்டார்.

நியூசிலாந்துக்குள்ளேயே பூர்வகுடிகளான மாவோரி மக்களின் இறப்பு விகிதம் வெள்ளையரைப் போலப் பல மடங்கு இருந்தது. வைக்காட்டோ பகுதியில் டே புயெயா ஹேராங்கி என்ற அரச குடும்பத்துப் பெண்மணி, மங்கடாஃபிரியில் தம் மக்களில் கால்வாசிப் பேரை இழந்த நிலையில், சுமார் நூறு அனாதைக் குழந்தைகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பின்னர் 1921இல் அவர்களையும் தம் மக்களையும் அழைத்துக்கொண்டு நகாருவாஹியாவில் நிலம் திருத்தி, டூராங்கவாயிவாயி என்ற ஊர்மன்றத்தை எழுப்பத் தொடங்கினார். முள்புதர் மண்டிக் கிடந்த ஆற்றங்கரை அது. இன்று மாவோரி மன்னர் மரபின் தலைமையிடம் அதுவே.

நெய்தல்வாசி:

சுவாவில் டலூனில் ஏறிய தொழிலாளர்கள் என்று பழஞ்சுவடி ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குப் பீஜியின் கரும்புத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. அங்கே நம்மவர்களும் இருந்திருப்பார்களே?

மறுமொழி 6: பழஞ்சுவடி

டலூனில் ஏறியவர்கள் பீஜியின் பூர்வகுடி மக்கள். ஆனால் தோட்டங்களில் நம்மவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைப் பீஜிக்கு ஏற்றினார்கள், அவர்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. புதிய ஆள்சேர்ப்பு 1916இல் நின்றுவிட்டது, எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்றுதான் ரத்தாயின. ஆகவே காய்ச்சல் வந்தபோது பலர் இன்னும் லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளில்தான் இருந்தார்கள், ஓர் அறைக்கு மூன்று ஆண்களோ ஒரு குடும்பமோ என்ற கணக்கில். பீஜி முழுவதிலுமாகச் சுமார் 9,000 பேர், மக்கள்தொகையில் ஐந்து விழுக்காட்டை ஒட்டி, இறந்தார்கள். லயத்தில் கிடந்தவருக்கு ஓடிவர ஊரும் இல்லை, கூடிப் பேச மத்தாயும் இல்லை. ஒரே கப்பலில் வந்தவர்கள் தமக்குள் ஜஹாஜி பாய் என்று முறை வைத்து அழைத்துக்கொண்டார்கள் அல்லவா, அந்த உறவு ஒன்றுதான் அவர்களுக்கு இருந்தது.